யாரும் எதுவும் சொல்லாத மீட்டிங்: குழுவை மனம்விட்டுப் பேச வைப்பது எப்படி?

எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவுக்கு நான் பொறுப்பேற்ற புதிது. வாராந்திர மீட்டிங் முடியும் நேரம். பழைய சாஃப்ட்வேரில் இருந்த தரவு முழுவதையும் புதியதற்கு மாற்ற இரண்டு நாள் ஒதுக்கியிருந்தோம். "சரி, யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஒரு பெண் தயங்கித் தயங்கி, "மேடம், பழைய ரெக்கார்டுல நிறைய இடத்துல தேதியே தப்பா இருக்கு. ரெண்டு நாள் போதுமான்னு தெரியல" என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அடுத்த மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினேன். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னேன். அவரும் தலையாட்டினார். நோட்டை மூடி, அதன்மேல் பேனாவை வைத்தார்.

மூன்று வாரம் கழித்து அந்த வேலை ஆறு நாள் இழுத்தது. எல்லாரும் இரவு பகலாக உட்கார்ந்து சரிசெய்தோம். முடிந்த மறுநாள் குழுவைக் கூட்டி, "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஏன் யாரும் சொல்லல?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியே வரும்போது, குழுவிலேயே வயதில் மூத்தவர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவங்க சொன்னாங்களே மேடம்."

அந்த ஒரு வரிதான் இந்த விஷயத்தைப் பற்றி என்னைப் படிக்க வைத்தது, யோசிக்க வைத்தது. புதிதாக ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்றிருக்கிறவர்களுக்காக, நான் புரிந்துகொண்டதை அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

வெளிப்படையான பேச்சு என்றால் என்ன?

குழு கலகலப்பாக இருப்பதோ, சாப்பாட்டு மேசையில் எல்லாரும் அரட்டை அடிப்பதோ, மீட்டிங்கில் ஆளாளுக்குப் பேசுவதோ அல்ல. அவையும் நல்லவைதான். ஆனால் ஓயாமல் பேசிச் சிரிக்கிற குழுவில்கூட முக்கியமான ஒரு விஷயம் ஆறு மாதம் வெளியே வராமல் கிடக்கலாம்.

நல்ல செய்தி தானாகவே மேலே வந்துவிடும். அதற்குத் தலைவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வேலை முடிந்தது, வாடிக்கையாளர் பாராட்டினார் என்பதையெல்லாம் சொல்ல ஆள் போட்டி போட்டுக்கொண்டு வரும். வாயில் வராமல் சிக்கிக்கொள்பவை வேறு: "என்னால ஒரு தப்பு நடந்துடுச்சு." "எனக்கு இது புரியல." "தனியா முடியல, உதவி வேணும்." "நீங்க சொல்றது சரின்னு எனக்குத் தோணல." இந்த நான்கும், காரியம் கெட்டுப்போவதற்கு முன்பே உங்கள் காதுக்கு வருகிறதா? வந்தால் உங்கள் குழுவில் வெளிப்படையான பேச்சு இருக்கிறது. மற்ற அடையாளங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஏன் பேசுவதில்லை?

பேசாமல் இருப்பவர்களைக் கோழைகள் என்றோ அக்கறை இல்லாதவர்கள் என்றோ நினைப்பது எளிது. அப்படி இல்லை. வாயைத் திறக்கும் முன் ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார்கள். பேசினால் வரக்கூடிய இழப்பு இப்போதே வரும், எனக்கே வரும்: முகச்சுளிப்பு, "இது கூடத் தெரியாதா" என்ற பார்வை, அடுத்த மதிப்பீட்டில் ஒரு புள்ளி குறைவது. பேசினால் வரக்கூடிய நன்மையோ பின்னால் எப்போதோ வரும், வந்தாலும் எல்லாருக்கும் பொதுவாக வரும், வராமலே போகவும் வாய்ப்புண்டு. இந்தக் கணக்கில் வாயை மூடிக்கொள்வதுதான் லாபம். புத்திசாலிகள் கணக்கைச் சரியாகவே போடுகிறார்கள். அதனால் "தைரியமா பேசுங்க" என்று உபதேசம் செய்து பயனில்லை. கணக்கில் இருக்கிற எண்களை மாற்ற வேண்டும். அது தலைவரின் கையில்தான் இருக்கிறது.

கெட்ட செய்தியைச் சொல்லத் தயங்குவது மனித இயல்பிலேயே இருக்கிறது. 1970-ல் சிட்னி ரோசன், ஆபிரகாம் டெஸ்ஸர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்கு வீட்டிலிருந்து வந்த செய்தியைச் சேர்ப்பிக்கும் நிலையில் ஆட்களை வைத்தார்கள். நல்ல செய்தி என்றால் நல்ல செய்தி என்றே சொல்லிவிட்டார்கள். கெட்ட செய்தி என்றால், "வீட்டுக்கு போன் பண்ணச் சொன்னாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் போக்கு அதிகம் தெரிந்தது. இதில் சொல்பவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. அப்படியிருந்தும் தயக்கம். சம்பளமும் பதவி உயர்வும் யார் கையில் இருக்கிறதோ அவரிடமே போய்க் கெட்ட செய்தியைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

பயத்தோடு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை: "சொல்லி என்ன ஆகப் போகுது?" என்ற சலிப்பு. பயந்தவர் பேசாமல் இருந்தாலும் மனசுக்குள் பேச விரும்புவார். சலித்தவருக்கு அந்த விருப்பமே வற்றிப்போயிருக்கும். அவர் ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருப்பார், ஒன்றும் நடந்திருக்காது. என் அனுபவத்தில் சலிப்பைப் போக்குவதுதான் கடினம், பயத்தைப் போக்குவது அதைவிடச் சுலபம்.

உளவியல் பாதுகாப்பு

இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் சொல் இது. "இங்கே நான் ஒரு கேள்வி கேட்டாலோ, தப்பை ஒப்புக்கொண்டாலோ, மாற்றுக் கருத்து சொன்னாலோ என்னை அவமானப்படுத்த மாட்டார்கள், தண்டிக்க மாட்டார்கள்" என்று குழுவில் இருப்பவர்கள் பொதுவாக நம்புவதற்குத்தான் அந்தப் பெயர். இதைக் குழுக்களின் வேலைமுறையோடு இணைத்துப் பெரிதும் ஆராய்ந்தவர் ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மன்ட்சன்.

அவர் அங்கே வந்து சேர்ந்த வழி சுவையானது. 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது: நல்ல குழுக்களில்தான் தவறுகளின் எண்ணிக்கை கூடுதலாகப் பதிவாகியிருந்தது. தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தக் குழுக்கள் கூடுதலாகத் தவறு செய்யவில்லை, நடந்த தவறை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற குழுக்களில் தவறு நடந்தது, பதிவேட்டில் ஏறவில்லை. பிறகு ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1999-ல் வெளியானது. உளவியல் பாதுகாப்பு இருக்கும் குழுக்கள் தங்கள் தவறுகளிலிருந்து கற்றுக்கொள்கின்றன, அதனால் வேலையும் மேம்படுகிறது என்பது அதன் சாரம்.

கூகுள் நிறுவனம் 2012-ல் தொடங்கிய 'அரிஸ்டாட்டில்' என்ற ஆய்வும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. தங்களுடைய சுமார் 180 குழுக்களை ஆராய்ந்தார்கள். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதே முக்கியம் என்று தெரிந்தது. அதிலும் முதலிடம் பிடித்தது உளவியல் பாதுகாப்பு.

இதிலிருந்து ஒன்றை மட்டும் உடனே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் குழுவிலிருந்து பிரச்சினைகளே வருவதில்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள். பிரச்சினை இல்லாத வேலை என்று எதுவும் கிடையாது. அது உங்களிடம் வரவில்லை, அவ்வளவுதான்.

பேசியும் பலனில்லாமல் போன ஒரு இரவு

வெளிப்படையான பேச்சு என்றதும் ஆட்களைப் பேச வைப்பதைப் பற்றியே யோசிக்கிறோம். கேட்பவர் எப்படிக் கேட்கிறார் என்பது அதைவிடப் பெரிய விஷயம். நாசாவின் சேலஞ்சர் விண்கலத்தின் கதை இதற்கு மறக்க முடியாத சான்று.

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை விண்கலம் கிளம்ப வேண்டும். அன்றிரவு கடும் குளிர் அடிக்கும் என்று வானிலை அறிக்கை. விண்கலத்தைத் தூக்கிச் செல்லும் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்களுக்குக் கவலை. ராக்கெட்டின் இணைப்புகளில் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போகும். ரோஜர் போய்ஸ்ஜோலி உள்ளிட்ட பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் அதை வெளிப்படையாகவே சொன்னார்கள். வெப்பநிலை சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஏவ வேண்டாம் என்பதுதான் நிறுவனத்தின் முதல் பரிந்துரை.

நாசா தரப்பில் அதை விரும்பவில்லை. உங்கள் தரவு உறுதியாக இல்லையே என்று எதிர்த்துக் கேட்டார்கள். நிறுவனத்தார் தனியாகப் பேசிக்கொள்ள ஐந்து நிமிட இடைவெளி கேட்டார்கள், அது அரை மணி நேரமாக நீண்டது. அந்த இடைவெளியில் மூத்த நிர்வாகி ஒருவர், பொறியியல் பிரிவின் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார். பரிந்துரை மாறியது. மறுநாள் கிளம்பிய 73 விநாடியில் விண்கலம் சிதறி, ஏழு பேரும் இறந்தார்கள்.

அங்கே பேசத் தைரியம் இல்லாமல் போகவில்லை. கேள்வி திரும்பிவிட்டது. வழக்கமாக, "பாதுகாப்பானது என்று காட்டுங்கள், அப்புறம் ஏவலாம்" என்பதுதான் முறை. அன்றிரவு, "ஆபத்தானது என்று நிரூபியுங்கள், இல்லாவிட்டால் ஏவுவோம்" என்று ஆகிவிட்டது. சந்தேகத்தை எழுப்பியவர் தலையிலேயே நிரூபிக்கும் பொறுப்பும் விழுந்தது.

இது நம் அன்றாட மீட்டிங்கிலும் நடக்கிறது. ஒருவர், "இது சரியா வருமான்னு சந்தேகமா இருக்கு" என்கிறார். உடனே, "எதை வெச்சு சொல்றீங்க? டேட்டா இருக்கா?" என்று கேட்கிறோம். கேள்வியில் தப்பே இல்லை. ஆனால் திட்டம் சரியாக வரும் என்று சொன்னவரிடம் அதே கேள்வியைக் கேட்டோமா? கேட்காதபோது, சந்தேகப்படுகிறவருக்கு ஒரு தராசு, சம்மதிக்கிறவருக்கு வேறு தராசு என்று ஆகிவிடுகிறது. முழு ஆதாரம் கையில் இல்லாத நெருடலைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆதாரத்தைத் தேடும் வேலையில் தலைவரும் பங்கெடுக்க வேண்டும்.

2003 பிப்ரவரி 1-ல் கொலம்பியா விண்கலம் திரும்பி வரும்போது சிதறியது. அதிலும் ஏழு பேர் இறந்தார்கள். கிளம்பும்போது ஒரு நுரைப்பொருள் துண்டு உடைந்து இறக்கையில் மோதியதைப் பார்த்துக் கவலைப்பட்ட பொறியாளர்கள், விண்வெளியில் இருக்கும்போதே அதைப் படமெடுத்துப் பார்க்கக் கேட்டிருந்தார்கள். அந்தக் கோரிக்கை நிறைவேறவில்லை. விசாரணைக் குழு, சேலஞ்சர் காலத்து நிர்வாகக் குறைகளின் எதிரொலியை இதிலும் கண்டது. 17 ஆண்டு இடைவெளி. ஒருமுறை பாடம் படித்தால் போதும் என்று இருந்துவிட முடியாது.

விமானிகள் செய்த மாற்றம்

இதே சிக்கலோடு போராடி, கணிசமாக முன்னேறியது விமானத்துறை. 1977 மார்ச் 27-ல் ஸ்பெயினின் டெனரிஃப் தீவு விமான நிலையத்தில், பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி வராமலே ஓடத் தொடங்கிய விமானத்தில் இருந்த பொறியாளர், எதிர் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விமானிகளுக்குப் பயிற்சி தருபவர்களில் நிறுவனத்தின் மிக மூத்தவர்களில் ஒருவரான கேப்டன், விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை.

1979-ல் நாசா நடத்திய ஒரு பட்டறையிலிருந்து, விமானியறையில் இருப்பவர்கள் சேர்ந்து பேசி முடிவெடுக்கும் முறையைப் பயிற்சியாகவே கற்றுத்தரும் வழக்கம் வளர்ந்தது. நான் முக்கியமாக நினைப்பது இதுதான்: அந்தப் பயிற்சி இளையவர்களிடம் "பேசு" என்று மட்டும் சொல்லவில்லை, கேப்டன்களிடம் "கேள்" என்றும் சொன்னது. 1989 ஜூலை 19-ல் ஒரு விமானத்தில் கட்டுப்பாட்டு அமைப்பு மொத்தமும் செயலிழந்தது. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் தன் குழுவையும், பயணியாக வந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் ஒரு விமானியையும் சேர்த்துக்கொண்டு, எல்லாரிடமும் யோசனை கேட்டு, இயந்திரங்களின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்துத் தரையிறக்கினார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் முடிந்திருக்காது என்று அவர் பின்னாளில் பலமுறை சொன்னார்.

அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். விமானிகளும் கட்டுப்பாட்டு அறை ஊழியர்களும் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்ப 1976-ல் அமெரிக்காவில் ஒரு ஏற்பாடு தொடங்கியது. அறிக்கை போவது தண்டிக்கும் அதிகாரம் கொண்ட விமானத்துறை ஆணையத்துக்கு அல்ல, நாசாவுக்கு. எழுதியவர் யார் என்ற விவரத்தை நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள். இதுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் வந்திருக்கின்றன. காது கொடுப்பவர் கையில் பிரம்பு இல்லாவிட்டால் எவ்வளவு விஷயம் வெளியே வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு சின்னக் குழுவின் தலைவரால் பிரம்பை முழுக்கக் கீழே வைக்க முடியாது, மதிப்பீடு எழுதுவதும் அவர்தானே. அதனால்தான் அவர் பதில் சொல்லும் விதத்தில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

முதல் பத்து விநாடி

இப்போது நடைமுறைக்கு வருவோம். நிறைய வழிகள் இருக்கின்றன. ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: யாராவது கெட்ட செய்தியோ மாற்றுக் கருத்தோ சொன்ன பிறகு வரும் முதல் பத்து விநாடியைக் காப்பாற்றுங்கள்.

அந்தப் பத்து விநாடியில் குழு முழுவதும் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறது. சொன்னவர் மட்டுமல்ல, சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மற்ற ஏழு பேரும் பார்க்கிறார்கள். உங்கள் புருவம் நெரிவது, பெருமூச்சு விடுவது, கண் கடிகாரத்துக்குப் போவது எல்லாமே பதில்தான். "என் கதவு எப்பவும் திறந்திருக்கும்" என்று நூறு முறை சொல்லியிருக்கலாம். ஒரு முகச்சுளிப்பில் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

அந்த நேரத்தில் சொல்வதற்கென்று ஒரு வாக்கியத்தை நான் தயாராக வைத்திருக்கிறேன். "சொன்னது நல்லதாப் போச்சு. இன்னும் கொஞ்சம் விவரமா சொல்லுங்க." அவ்வளவுதான். இது சம்மதம் இல்லை, மறுப்பும் இல்லை. மனசு பதறினாலும் வாய் இதைச் சொல்லப் பழகியிருக்க வேண்டும், ஏனென்றால் பதறும்போது புதிதாக நல்ல வார்த்தை எதுவும் வராது. நேரம் இல்லையா, "இப்ப அஞ்சு நிமிஷம்தான் இருக்கு, இதுக்கு அது போதாது. நாலு மணிக்குப் பேசுவோமா?" என்று சொல்லிவிட்டு நாலு மணிக்கு நீங்களே தேடிப் போங்கள். நான் அன்று செய்யாதது அதுதான்.

"ஏன்" என்ற சொல்லில் எச்சரிக்கையாக இருங்கள். "ஏன் இப்படி ஆச்சு?", "ஏன் சொல்லல?" என்பவை நம் காதில் கேள்வியாக விழுவதில்லை, குற்றச்சாட்டாகத்தான் விழுகின்றன. கேட்டவுடன் ஆள் தற்காப்புக்குப் போய்விடுவார். "எப்படி நடந்துச்சுன்னு முதல்லேர்ந்து சொல்லுங்களேன்" என்றால் அதே விவரம் முழுசாக வரும். "சொல்றதுக்கு எது தடையா இருந்துச்சு?" என்றால், சில நேரம், தடையாக இருந்தது நீங்கள்தான் என்பதும் தெரியவரும்.

மென்மையான சொற்களைக் கேட்கக் கற்றுக்கொள்வது இன்னொரு பக்கம். "முடியாது" என்று நேராகச் சொல்பவர்கள் குறைவு. "பார்க்கலாம் மேடம்", "கொஞ்சம் டைட்டுதான்", "ட்ரை பண்றேன்", "பண்ணிடலாம்னு நினைக்கிறேன்" என்றுதான் வரும். இவற்றில் பாதிக்கு "முடியாது" என்றே பொருள். கேட்டதும், "பத்துக்கு எத்தனை நம்பிக்கை இருக்கு?" என்று கேட்டுவிடுவேன். "அஞ்சு" என்று பதில் வந்தால், மீதி ஐந்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். முடியாது என்று சொல்லத் தயங்குகிறவர்கூட எண்ணைச் சொல்லிவிடுவார்.

கேள்வியை மாற்றுங்கள்

"யாருக்காவது ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்ற கேள்விக்கு மௌனம்தான் பதிலாக வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, ஒருவர் தன்னைச் சந்தேகப்படுகிறவராகத் தனியே நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில், "இந்தத் திட்டத்துல எது முதல்ல உடையும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். ஏதோ ஒன்று உடையும் என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டதால், எது என்று சொல்வது இப்போது வெறும் வேலைதான், எதிர்ப்பு இல்லை.

இதையே ஒரு பயிற்சியாக ஆக்கியவர் கேரி கிளைன் என்ற உளவியலாளர். திட்டம் தொடங்கும் முன், "ஆறு மாதம் ஆகிவிட்டது, இது படுதோல்வி. என்ன நடந்திருக்கும்?" என்று எல்லாரையும் ஆளுக்கொரு தாளில் எழுதச் சொல்ல வேண்டும். பிறகு சுற்றி வந்து ஆளுக்கொரு காரணமாகப் படிக்க வேண்டும். வழக்கமாகக் குறை சொல்பவர் அபசகுனம் பிடித்தவராகத் தெரிவார். இங்கே குறை கண்டுபிடிப்பவர் கெட்டிக்காரராகத் தெரிகிறார். அரை மணி நேரம் போதும். நான் இதைச் செய்த ஒவ்வொரு முறையும், எனக்குத் தெரியாத ஏதாவது ஒன்று அந்தத் தாள்களில் இருந்திருக்கிறது.

மீட்டிங்கில் தலைவர் கடைசியில் பேசுவது நல்லது. முதலில் உங்கள் கருத்தைச் சொல்லிவிட்டு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால் அது ஆமாம் போடச் சொல்வதுதான். குழுவின் அழுத்தம் எவ்வளவு வலுவானது என்று 1951-ல் சாலமன் ஆஷ் வெளியிட்ட சோதனை காட்டியது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய கேள்வி. மற்ற எல்லாரும் வேண்டுமென்றே ஒரே தவறான விடையைச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய மூன்று முறைக்கு ஒரு முறை அந்தத் தவறான விடையையே திருப்பிச் சொன்னார்கள். கண்ணால் பார்த்ததைக்கூட விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் அந்த அடிபணிதல் வெகுவாகக் குறைந்தது. ஆகவே உங்கள் குழுவில் முதலில் மாற்றிச் சொல்கிறவர் அவருக்காக மட்டும் பேசவில்லை. பேசத் தயங்கும் மற்றவர்களுக்கும் அவர்தான் வழிவிடுகிறார். அவர் சொன்னது தப்பாகவே இருந்தாலும், சொன்னதற்கு மரியாதை கொடுங்கள்.

வாய் திறக்காமலே மீட்டிங் முடிக்கும் ஆட்களுக்கு ஒரு சின்ன வழி உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள எல்லாரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று ஒரு படி இருக்கிறது. சடங்கு மாதிரி தெரியும். ஆனால் ஒருமுறை குரல் கொடுத்தவருக்கு மறுமுறை குரல் கொடுப்பது எளிது. உங்கள் மீட்டிங்கின் முதல் ஐந்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் ஒரு வரியாவது பேசும்படி செய்யுங்கள். ஆன்லைன் மீட்டிங் என்றால் இது இன்னும் அவசியம். பேசவே கூச்சப்படுகிறவர்களிடம், முந்தைய நாளே எழுதி அனுப்பச் சொல்லலாம். அப்புறம், ஒருவரை "வாங்க", "சொல்லுங்க" என்றும் இன்னொருவரை அதே மேசையில் "நீ சொல்லுப்பா" என்றும் கூப்பிடுவதைக் கவனியுங்கள். அன்பாகத்தான் சொல்லியிருப்பீர்கள். யாருடைய பேச்சுக்கு எவ்வளவு எடை என்பதை அது சொல்லாமல் சொல்லிவிடும்.

சொன்ன பிறகு என்ன ஆனது?

சலிப்பைப் பற்றி முன்பு சொன்னேனே, அதற்கு மருந்து இங்கேதான் இருக்கிறது. ஒருவர் ஒன்றைச் சொன்னால், அது என்ன ஆனது என்று அவருக்குத் தெரிய வேண்டும். "நீங்க சொன்ன மாதிரி மாத்திட்டோம்" என்பது நல்ல பதில். "நீங்க சொன்னதை யோசிச்சேன், இந்தக் காரணத்தால இப்ப முடியல" என்பதும் நல்ல பதில்தான். பதிலே வராததுதான் ஆளைக் கொல்லும். எனக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யார், என்ன, எப்போது சொன்னார் என்று எழுதி, பதில் சொன்ன பிறகுதான் அந்த வரியை அடிப்பேன். வெள்ளிக்கிழமை அடிக்காத வரிகள் இருந்தால் அவர்களைத் தேடிப் போவேன்.

டொயோட்டா தொழிற்சாலைகளில் ஒரு கயிறு பிரபலம். உற்பத்தி வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் குறை கண்டால் அதை இழுக்கலாம். பலரும் "யார் வேண்டுமானாலும் வரிசையை நிறுத்தலாம்" என்பதோடு அந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். இழுத்தவுடன் குழுத் தலைவர் உதவிக்கு அந்த இடத்துக்கே வருகிறார் என்பதுதான் அந்தக் கயிற்றின் உயிர். யாரும் வராவிட்டால் இரண்டாம் முறை யார் இழுப்பார்கள்?

தனிச் சந்திப்புகளும் இதே வேலையைச் செய்யும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம். வேலை எங்கே நிற்கிறது என்று கேட்க அல்ல, அதை எங்கு வேண்டுமானாலும் கேட்கலாம். "நான் செய்யறதுல எது உங்க வேலையைக் கஷ்டமாக்குது?" என்று கேளுங்கள். முதல் சில முறை "ஒண்ணுமில்லையே" என்றுதான் பதில் வரும். நீங்களே ஒன்றை எடுத்துக்கொடுங்கள்: "போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் அனுப்பினேனே, அது தொந்தரவா இருந்துச்சா?" தலைவர் தன் குறையைத் தானே முதலில் மேசையில் வைத்தால் மற்றவர்களுக்கு வாய் வரும். உண்மையான குறையாக இருக்க வேண்டும், பெயருக்குச் சொல்லக் கூடாது. இந்தச் சந்திப்பை மட்டும் ரத்து செய்யாதீர்கள். வேறு வேலை வந்ததும் முதலில் வெட்டுப்படுவது இதுதான் என்றால், அவர்களுடைய பேச்சுக்கு உங்களிடம் என்ன இடம் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பெயர் இல்லாமல் கருத்துச் சொல்லும் பெட்டிகள், படிவங்கள் பற்றிக் கேட்பார்கள். நம்பிக்கை அறவே இல்லாத குழுவில் தொடக்கத்துக்கு அவை உதவும். ஆனால் அதில் வந்ததைப் படித்துவிட்டு, "இது யாரு எழுதினது?" என்று ஒரே ஒருமுறை கேட்டீர்களானால் எல்லாம் முடிந்தது.

மனம்விட்டுப் பேசலாம் என்றால் எதையும் எப்படியும் பேசலாம் என்றும், தப்புக்குக் கணக்கே கிடையாது என்றும் சிலர் எடுத்துக்கொள்வார்கள். அது வேறு. சக ஊழியரை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுபவரை நிறுத்தத்தான் வேண்டும், ஏனென்றால் அவர் ஒருவர் பேச்சால் நான்கு பேர் வாய் அடைத்துப் போகும். தெரியாமல் நடந்த தவறும் தெரிந்தே விதியை மீறியதும் ஒன்றல்ல. முன்னதைச் சொன்னவருக்கு நன்றி சொல்லிவிட்டு, வேலைமுறையில் எங்கே ஓட்டை என்று பாருங்கள். பின்னதற்கு நடவடிக்கை எடுங்கள். இரண்டுக்கும் ஒரே முகத்தைக் காட்டினால், தவறை ஒளிப்பதுதான் பாதுகாப்பு என்று குழு கற்றுக்கொள்ளும்.

இதெல்லாம் எத்தனை நாளில் பலன் தரும் என்று கேட்டால், வாரக் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள். முதலில் சின்ன விஷயங்கள் வரும்: நாற்காலி சரியில்லை, மீட்டிங் நேரம் ஒத்துவரவில்லை. அற்பம் என்று தள்ளிவிடாதீர்கள். ஆழம் பார்க்கத்தான் முதலில் சின்னக் கல்லைப் போடுகிறார்கள். அதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பெரியதைச் சொல்வார்கள்.

அந்தப் பெண்ணிடம் நான் மறுநாளே தனியாக மன்னிப்புக் கேட்டேன். அடுத்த மீட்டிங்கில், அவர் முன்கூட்டியே சொன்னதையும் நான் கேட்காமல் விட்டதையும் எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். அதற்குப் பிறகும் சில மாதம், நான் கேட்டால் மட்டுமே பேசினார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, இன்னொரு திட்டத்துக்கான தேதிகளை நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் குரல்: "மேடம், மூணாவது வரி தப்பு. டெஸ்டிங்குக்கு அஞ்சு நாள் போதாது, எட்டு நாளாவது வேணும்." நான் திரும்பிப் பார்த்தேன். மற்றவர்கள் யாரும் நிமிரக்கூட இல்லை. அவரவர் நோட்டில் ஐந்தை அடித்துவிட்டு எட்டு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.